அமீரியாவும் போத்ரியாரும்

ழான் போத்ரியாரின் 'வளைகுடா யுத்தம் நிகழவில்லை' என்ற சிறு புத்தகம் நம் வட்டத்தில் படிக்கப்பட்டதைவிட மேற்கோளாகக் காட்டப்பட்டதே அதிகம். தலைப்பு செய்த வேலை அது. ஈராக், காஸா, உக்ரைன் என்று எந்த யுத்தத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் யாராவது ஒரு நண்பர் இந்தத் தலைப்பை எடுத்து மேஜைமேல் வைத்துவிடுகிறார். எல்லாம் பிம்பம்தான் என்ற முடிவுக்கு வந்தபின் மேலே பேச என்ன இருக்கிறது? டீயைக் குடித்துவிட்டு எழுந்துபோக வேண்டியதுதான்.

புத்தகத்துக்கு முதலில் நியாயம் செய்துவிடலாம். 1991இல் 'லிபராசியோன்' தினசரியில் வெளிவந்த மூன்று கட்டுரைகள் அவை. யுத்தம் நிகழாது, உண்மையில் நிகழ்ந்துகொண்டிருக்கிறதா, நிகழவில்லை என்று மூன்று தலைப்புகள். ழிரோதுவின் 1935ஆம் வருஷத்து நாடகமான 'டிராய் யுத்தம் நிகழாது' என்பதை வைத்து ஆடிய விளையாட்டு இது. பிரெஞ்சு வாசகன் தலைப்பிலேயே புன்னகைத்திருப்பான். நமக்கு அது வேதவாக்காக வந்து சேர்ந்தது. யாரும் சாகவில்லை என்று போத்ரியார் எங்கும் சொல்லவில்லை. முடிவு முன்கூட்டியே கணக்கிடப்பட்டுவிட்ட, எதிரிகள் ஒருவரையொருவர் சந்தித்துக்கொள்ளாத ஒரு காரியத்தை யுத்தம் என்ற பழைய பெயரால் அழைக்க முடியாது என்பது அவர் வாதம். திரையில் கண்டது யுத்தத்தின் போலி உரு.

இதில் பாதி சரி. 1991 ஜனவரி 30 அன்று ரியாத்தில் தளபதி ஷ்வார்ஸ்காஃப் நிருபர்களுக்கு ஒரு படம் போட்டுக் காட்டினார். குறிக்கோட்டுக்குள் ஒரு பாலம். ஒரு வாகனம் அதைக் கடந்து போகிறது. மறுகணம் பாலத்தில் குண்டு. அந்த ஓட்டுநர்தான் ஈராக்கிலேயே பெரிய அதிர்ஷ்டசாலி என்றார் தளபதி. நிருபர்கள் சிரித்தார்கள். அந்த நாட்களில் உலகம் பார்த்தவை பெரும்பாலும் இந்த ஜாதிப் படங்கள்தான். குண்டு போய்ச் சேர்ந்ததும் ஒரு வெளிச்சம், புகை, காட்சி முடிந்தது. கட்டடத்துக்குள் என்ன ஆயிற்று என்பது படத்தின் விஷயமல்ல. போடப்பட்ட குண்டுகளில் இப்படிக் குறிபார்த்துச் செல்பவை எடைக் கணக்கில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சமெல்லாம் பழைய மாதிரிக் குண்டுகள். அவற்றுக்குப் படம் கிடையாது. போத்ரியார் சொல்லும் போலி உரு இந்தப் படங்களுக்கு அச்சாகப் பொருந்துகிறது.

பிப்ரவரி 13க்குப் பொருந்தவில்லை. அன்று விடிவதற்கு முன் பாக்தாதின் அமீரியா பகுதியிலிருந்த பதுங்கிடத்தின்மேல் சுமார் 900 கிலோ எடையுள்ள இரண்டு லேசர் குண்டுகள் போடப்பட்டன. முதல் குண்டு கான்கிரீட் கூரையில் துளைபோட்டது. இரண்டாவது அந்தத் துளை வழியே உள்ளே போயிற்று. அக்கம்பக்கத்துப் பெண்களும் குழந்தைகளும் இரவில் வந்து படுத்துக்கொள்ளும் இடம் அது. ஈராக்கின் கணக்கு 408 பேர். குறைத்துச் சொல்பவர்களும் இருநூறுக்குக் கீழே போவதில்லை. இம்முறை காமிராக்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து, புகைக்குள் நுழைந்தன. கரிந்த உடல்களைப் படம் பிடித்தன. மேற்கத்திய நிலையங்கள் அதிலும் கோரமானவற்றை வெட்டிவிட்டுத்தான் காட்டின. அந்த அளவுக்குக் காட்டியதையே பொறுக்காதவர்கள் பி.பி.சி.யை பாக்தாத் ஒலிபரப்பு நிலையம் என்று வைதார்கள்.

வாஷிங்டனின் பதிலைக் கவனிக்க வேண்டும். அது ராணுவக் கட்டளை மையம். அங்கே பொதுமக்கள் ஏன் இருந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. சதாம் மனித உயிரை மதிக்காதவர். அதாவது, நீங்கள் பார்ப்பது நீங்கள் நினைப்பதல்ல. ஈரானுடனான யுத்த காலத்தில் அது பொதுமக்கள் பதுங்கிடமாக இருந்தது தங்களுக்குத் தெரிந்ததுதான் என்பதைப் பின்னால் ஒப்புக்கொண்டார்கள். என் தகராறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. பிம்பத்தை நம்பாதே என்று பாரிஸிலிருந்து தத்துவவாதி சொல்கிறார். அதையே பென்டகனின் செய்தித் தொடர்பாளரும் சொல்கிறார். இருவர் நோக்கமும் வேறு என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் செத்தவளுக்கு இருவரும் ஒரே இடத்தைத்தான் ஒதுக்குகிறார்கள். எல்லாப் படத்தையும் ஒரே அளவில் சந்தேகிக்கிறவன் குண்டின் முனையிலிருந்து எடுத்த படத்தையும் பதுங்கிடத்துக்குள் எடுத்த படத்தையும் ஒரு தட்டில் வைத்துவிடுகிறான்.

பொய்யான காட்சிகள் இருந்தன, நிறையவே இருந்தன. 1990 ஆகஸ்டில் சதாம் குவைத்தை ஆக்கிரமித்தது சந்தேகமில்லாத அக்கிரமம். அதைச் சொன்னாலே போதுமாயிருந்திருக்கும் என்று நமக்குத் தோன்றும். போதவில்லை போலிருக்கிறது. அக்டோபர் 10 அன்று அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களின் மனித உரிமைக் குழு முன் 15 வயதுப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே சாட்சி சொன்னாள். ஈராக்கியச் சிப்பாய்கள் இன்குபேட்டர்களிலிருந்து சிசுக்களை எடுத்துத் தரையில் போட்டுச் சாகவிட்டார்களாம். ஜனாதிபதி புஷ் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். செனட்டர்கள் எடுத்தாண்டார்கள். ஜனவரி 12 அன்று செனட்டில் 52க்கு 47 என்று யுத்தம் நிறைவேறியது. அந்தப் பெண் குவைத் தூதரின் மகள் என்பதும், அவள் சாட்சியத்துக்குப் பின்னால் ஹில் அண்ட் நோல்ட்டன் என்ற விளம்பர நிறுவனம் இருந்தது என்பதும் 1992இல்தான் வெளியாயிற்று. கண்டுபிடித்தவர் 'ஹார்ப்பர்ஸ்' இதழின் வெளியீட்டாளர் ஜான் மக்ஆர்தர். அதற்கு அவருக்குத் தத்துவம் எதுவும் தேவைப்படவில்லை. இந்தப் பெண் யார் என்று கேட்டார், அவ்வளவுதான். நிருபர்கள் அக்டோபரிலேயே கேட்டிருக்கலாம். பொய்யைப் பொய் என்று நிரூபிக்க முடிகிறதென்றால் நிஜம் எங்கோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

மொழி விஷயம் ஒன்று. இம்மாதிரிச் சாவுகளுக்கு 'கொலாட்டரல் டேமேஜ்' என்று பெயர். வங்கியில் தினம் புழங்கும் சொல் கொலாட்டரல். கடனுக்கு ஈடாக எழுதி வாங்கும் வீடு, நிலம். கடன் வாங்கியவன் தன் சொத்தைத்தான் ஈடு வைக்க வேண்டும், இல்லையென்றால் ஜாமீன்தாரர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அமீரியாவில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. நம் பத்திரிகைகள் இம்மாதிரிச் சொற்களை ஏஜென்ஸிச் செய்தியிலிருந்து அப்படியே தமிழுக்கு இறக்குகிறபோது 'பொதுமக்கள் பலி' என்று ஆகிவிடுகிறது. எழுவாய் இல்லாத சாவு. பலி கொடுத்தவன் யார் என்று அந்தத் தலைப்பு சொல்வதில்லை.

போத்ரியாருக்கு எதிராக கிறிஸ்டஃபர் நோரிஸ் 1992இல் ஒரு புத்தகமே எழுதினார். நல்ல புத்தகம், கொஞ்சம் வக்கீல்தனம். எனக்கு அதைவிட நுஹா அல்-ராதியின் 'பாக்தாத் நாட்குறிப்புகள்' பெரிய பதிலாகப் படுகிறது. பதில் சொல்லும் எண்ணமே அதற்கு இல்லை. அல்-ராதி மண்பாண்டக் கலைஞர், ஓவியர். குண்டு விழுந்த நாட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே எழுதுகிறார். முதல் நாளே மின்சாரம் போய்விடுகிறது. நகரம் முழுக்க ஃப்ரீஸரில் இருந்த இறைச்சி உருக ஆரம்பிக்க, ஜனங்கள் கெடுவதற்குள் சுட்டுத் தின்று தீர்க்கிறார்கள். பழத்தோட்டத்துப் பறவைகள் அதிர்ச்சியில் தலைகீழாகக் குட்டிக்கரணம் அடித்துப் பறக்கின்றன. தண்ணீர், கழிவறை, நாய்கள், யார் வீட்டில் எத்தனை பேர் தூங்குகிறார்கள் என்ற கவலைகள். சதாமின் மேலும் அவருக்கு மயக்கம் கிடையாது. இந்தப் பறவைகளை எந்த நிலையமும் ஒளிபரப்பவில்லை. போலி உரு என்று சொல்ல இங்கே ஒரு உருவமே இல்லை, பக்கத்தில் நின்று பார்த்தவளின் சில வரிகள் மட்டும்.

அவர் 2004இல் பெய்ரூட்டில் காலமானார். போத்ரியாரைத் தமிழில் விளக்க நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்கள். அல்-ராதியைத் தமிழில் செய்ய யாராவது முன்வந்தால் என் பிரதியை அனுப்பிவைக்கிறேன். ஓரங்களில் பென்சில் கிறுக்கல்கள் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.