அடித்தாள் வயலுக்கு, வைக்கோல் மாட்டுக்கு

ஆரணி என்றதும் பலருக்குப் பட்டுச்சேலை நினைவுக்கு வரும். சமையலறையில் இருப்பவருக்கோ ஆரணி, களம்பூர் அரிசி. தறிக்கு வேண்டிய பட்டுநூலைக் கர்நாடகத்திலிருந்து வாங்கிக்கொள்ளலாம். வயலின் வளத்தை அப்படி வாங்க முடியாது. அதனால்தான் அறுவடைக்குப் பின் வைக்கோலை வயலிலேயே மடக்கி உழச் சொல்கிறார்கள். இந்த யோசனை எவ்வளவு தூரம் சரி?

ஒரு டன் நெல்லோடு ஏறக்குறைய ஒரு டன் வைக்கோலும் விளைகிறது. அதில் சுமார் 40 சதவீதம் கரிமம். பயிர் எடுத்த சாம்பல்சத்தில் பெரும்பங்கும் வைக்கோலில்தான் தங்குகிறது. கொளுத்தினால் கரிமமும் தழைச்சத்தும் புகையாகிவிடும். மடக்கி உழுதால் ஒரு பகுதி மட்காக நிலைக்கும். தண்ணீர் கட்டிய சேற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதால் மட்குவதும் மெதுவாகவே நடக்கும். கரிமம் 0.5 சதவீதத்துக்கும் குறைந்த மண்ணுக்கு இது நல்ல வரவு.

ஆனால் அதே சேறுதான் சிக்கலுக்கும் காரணம். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பச்சை வைக்கோல் மீத்தேனாகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல சுமார் 27 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். மண்ணில் சேர்த்த கரிமத்தின் நன்மையை அதுவே விழுங்கிவிடலாம். வைக்கோலில் கரிமம் மிகுதி, தழைச்சத்து சொற்பம். அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்வதால் இளநாற்று வெளிறிப்போகும்.

இரண்டு குறைகளுக்கும் மருந்து காலம்தான். நடவுக்கு 30 நாளுக்கு மேல் முன்னதாக மடக்கிய வைக்கோலின் மீத்தேன் பாதிப்பு, நடவை ஒட்டி மடக்கியதில் ஐந்தில் ஒரு பங்கு என்றே 2019ஆம் ஆண்டின் ஐ.நா. காலநிலைக் குழு வழிகாட்டி கணக்கிடுகிறது. ஆனால் சம்பா அறுத்த கையோடு அடுத்த பட்டமான நவரைக்குச் சேறு கலக்குகிறவருக்கு அந்த இடைவெளி எங்கே?

மாட்டை மறந்தும் இந்தக் கணக்கைப் போட முடியாது. இங்கே வைக்கோல் கழிவல்ல, தீவனம்; இயந்திரம் கட்டிய உருளைகளுக்கு நல்ல விலையும் உண்டு. மாடு தின்றது மட்கிய தொழுவுரமாக வயலுக்குத் திரும்பினால் கரிமமும் ஓரளவு திரும்பும். வெளியூர் லாரியில் ஏறிய வைக்கோல் திரும்புவதில்லை.

ஆகவே எல்லா வைக்கோலையும் மடக்குவதும் சரியல்ல, எல்லாவற்றையும் விற்பதும் சரியல்ல. வேரும் உயரமாக விட்ட அடித்தாளும் வயலுக்கு. மேல் வைக்கோல் மாட்டுக்கு. அறுத்த ஈரம் காயுமுன் உழுதுவிட வேண்டும். நட்டபின் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்ட வேண்டும். இடைவெளி இல்லாத பட்டத்தில் வைக்கோலை மட்கவைத்தே இட வேண்டும். தீ வைப்பதற்கு மட்டும் எந்தப் பட்டத்திலும் நியாயமில்லை.