பன்னீர் ரோஜாவை எப்படி ரசிப்பது?

நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயில் பக்கம் விடிந்த கையோடு போனால், பூக்கடைகளில் துளசிக்கும் வெற்றிலை மாலைக்கும் நடுவே ஈரத் துணியில் பன்னீர் ரோஜா குவிந்திருக்கும். நீளக் காம்பு கிடையாது. இதழ்கள் கொஞ்சம் கலைந்திருக்கும். மறுநாள் வரை தாங்காது. பொக்கே கடையில் விறைப்பாக நிற்கும் ரோஜாவோடு ஒப்பிட்டு இதை மட்டமாக நினைப்பவர்கள் பலர். என் கட்சி வேறு: சென்னை வெயிலில் வாழ்கிறவர்களுக்கு ரோஜா என்றால் இதுதான். இதை ரசிக்கக் கண்ணைவிட மூக்கு முக்கியம். மூக்குக்கும் முன்னால், நேரம் முக்கியம்.

ரோஜாவின் வாசனை இதழ்களில் ஊறும் எண்ணெயில் இருக்கிறது. வெயில் ஏற ஏற அது காற்றோடு போய்விடும். கன்னோஜ் ஊர் அத்தர்க்காரர்களும் பல்கேரிய விவசாயிகளும் விடியற்காலையிலேயே பூப்பறித்து முடிப்பது இதனால்தான். நீங்களும் ஏழு மணிக்குள் பூவைக் கையில் எடுங்கள். உடனே மூக்கைப் புதைக்காதீர்கள். உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் கைச்சூடு ஏறவிட்டு, நிதானமாக ஒரு மூச்சு இழுங்கள். முதலில் தேன் போன்ற இனிப்பு வரும். அடுத்த மூச்சில் எலுமிச்சைச் சாயல், அடியில் லேசாகக் கிராம்பின் காரம். மூன்று நான்கு மூச்சுக்குள் மூக்கு மரத்துவிடும். பூவைத் தள்ளி வைத்து, காபி குடித்துவிட்டு, திரும்பவும் முகருங்கள். அதே பூவைப் பத்து மணிக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும்.

அந்தத் தேன் மணத்துக்குக் காரணமான பொருளின் பெயர் ஃபீனைல் எத்தனால். அது தண்ணீரில் நன்றாகக் கரையும். அதனால் பூவைக் காய்ச்சி வடிக்கும்போது அதன் பெரும்பங்கு எண்ணெயில் தங்காமல் தண்ணீரோடு போய்விடுகிறது. கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்பிலிருந்து தெளிக்கும் நீருக்கும் அத்தருக்கும் மணம் வேறுபடுவது இதனால்தான். இன்று கடையில் கிடைக்கும் பன்னீரில் நிறைய, வெறும் செயற்கை வாசனை. நல்ல பன்னீரைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், அசல் பூவை முகர்ந்து பழகிய மூக்கு வேண்டும்.

இனி பூவைத் திருப்பிப் பிடியுங்கள். இதைச் செய்கிறவர்கள் குறைவு. காம்பு சேரும் இடத்தில் ஐந்து பச்சைப் புல்லிகள் இருக்கும். ஐந்தும் ஒன்றுபோல இருக்காது. பெரும்பாலும் இரண்டுக்கு இருபக்கமும் மீசை மாதிரி கிளை இருக்கும், இரண்டு வழவழவென்றிருக்கும், மிச்சமுள்ள ஒன்றுக்கு ஒரு பக்கம் மட்டும் மீசை. மொட்டில் ஒன்றின்மேல் ஒன்று மடிந்திருந்தபோது, மூடப்பட்ட ஓரத்தில் கிளை வளராமல் போனதே காரணம். பூவின் நடுவையும் பாருங்கள். இக்கால ரோஜா கூம்பாக எழுந்து நிற்கும். பழைய ரோஜா தட்டையாக விரிந்து, உள்ளிதழ்கள் மடிந்து மடிந்து சுருண்டிருக்கும். அதற்கு மொட்டு அழகில்லை, முழுதும் மலர்ந்த பிறகுதான் அழகு.

இக்கால ரோஜாக்களின் தொடக்கமாகக் கருதப்படும், 1867-இல் வந்த ‘லா ஃபிரான்ஸ்’ ரோஜாவுக்கு முன்பே இருந்த வகைகளைத்தான் உலகமெங்கும் பழைய தோட்ட ரோஜாக்கள் என்கிறார்கள். அவற்றில் காலிக்கா, ஆல்பா போன்ற ஐரோப்பிய வகைகள் குளிர்காலம் கழித்து வருடத்துக்கு ஒரே முறை பூப்பவை. சென்னையில் அவற்றை வைத்து ஏமாறாதீர்கள். நமக்கு ஒத்துவருவது சீன ரோஜாவின் ரத்தம் கலந்தவை. அவற்றுக்குக் குளிர் தேவையில்லை, வருடம் முழுக்கத் துளிர்த்துப் பூக்கும். பன்னீர் ரோஜா என்று நம் ஊரில் விற்பது ஒரே செடி அல்ல. டமாஸ்க் வகையும் உண்டு, எட்வர்டு ரோஸும் உண்டு. எட்வர்டின் கதை இந்தியப் பெருங்கடலில் தொடங்குகிறது. ரீயூனியன் தீவில் வயல் வேலியாக டமாஸ்க்கையும் சீன ரோஜாவையும் சேர்த்து வைத்திருந்தார்கள். அந்த வேலியில் தானாகக் கலந்து முளைத்ததுதான் ‘ரோஸ் எதுவார்’, அதாவது எட்வர்டு. 1819-இல் அதன் விதை பாரிசுக்குப் போய் ‘பூர்பன்’ ரோஜாக் குடும்பமே உருவானது. பின்னாளில் நம் தமிழர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறியதும் இதே ரீயூனியனுக்குத்தான். எட்வர்டுக்கு மணம் டமாஸ்க்கிடமிருந்து, ஓயாத பூப்பு சீன ரோஜாவிடமிருந்து. வெயிலூருக்கு இதைவிடப் பொருத்தமான சேர்க்கை எனக்குத் தெரியவில்லை.

வெயிலுக்கு ஏற்ற சேர்க்கை என்ற இந்த வழியில் யோசித்தவர்கள் நம் மாநிலத்திலேயே இருந்தார்கள். ஐ.ஏ.எஸ். பணியை விட்டுக் கொடைக்கானலில் குடியேறிய வீரராகவனும் அவர் மனைவி கிரிஜாவும், குளிர்நாட்டு ரோஜாக்களை நம்பாமல், வங்காளத்து ஆற்றங்கரைகளில் வெயிலும் ஈரமும் தாங்கி வளரும் ‘ரோசா கிளைனோஃபில்லா’ என்ற காட்டு ரோஜாவைக் கொண்டு கலப்பினங்கள் உருவாக்கினார்கள். தாங்கள் உருவாக்கிய மஞ்சள் ரோஜா ஒன்றுக்குத் தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயரை வைத்தார்கள்.

மொட்டை மாடியில் வளர்க்கிறவர்களுக்கு ரசனை இன்னும் நீளும். அக்னி நட்சத்திரத்தில் பூ சிறுத்து, நிறம் வெளுத்து, இதழும் குறையும். செடி கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். மேற்கு வெயில் படாமல் நகர்த்தி வைத்தால் போதும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும், மழை பெய்யும்போது தொட்டியை நன்றாக நனையவிட்டு உப்பை அலசிவிடுங்கள். இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் செம்பேன் கட்டுப்படும். மழை சற்று ஓயும் நாள் பார்த்துக் கவாத்து செய்து வேப்பம் புண்ணாக்கு வையுங்கள். ஆறேழு வாரத்தில், மார்கழிப் பனியில் வரும் பூதான் வருடத்திலேயே பெரியது, நிறம் ஆழமானது, மணமும் அதிகம். விருந்தாளிகளைக் கூப்பிட்டுக் காட்ட அதுதான் மாதம்.

செடி வாங்கப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை பக்கம்தான். “குச்சி வெச்சதா, ஒட்டா?” என்று கேளுங்கள். குச்சிச் செடி மெதுவாக வரும், ஆனால் பல வருடம் நிற்கும். ஒட்டுச்செடியில் ஒட்டுப்போட்ட இடத்துக்குக் கீழே அடிச்செடி துளிர்த்துவிட, ஒரு வருடத்தில் “பூவே மாறிப்போச்சு” என்று பிடுங்கி எறிகிறவர்கள் உண்டு. இந்தியாவில் ஒட்டுக்கு அடிச்செடியாக எட்வர்டும் பயன்படுகிறது. அதனால் அந்தத் துளிரில் ஒரு பூ விரியும் வரை பொறுங்கள். மணம் இருந்தால், அதிலிருந்து ஒரு குச்சி வெட்டித் தனித் தொட்டியில் ஊன்றுங்கள்.