வியர்க்காத பாவை

கொல்லிமலை என்றால் பலருக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு, அப்புறம் அருவி. எனக்குப் பரணர். நற்றிணை 201இல் கொல்லிப்பாவையைச் சொல்கிறார். காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அதன் அழகு கலையாது. அந்தப் பாவை மாதிரிதான் அவளும், என் நெஞ்சை விட்டுப் போகமாட்டாள் என்கிறான் தலைவன். காதலில் இது பாராட்டு. ஆன்லைன் செஸ்ஸில் இதுவே குற்றப்பத்திரிகை.

2021 ஜூனில் கோவிட் நிவாரணத்துக்காகப் பிரபலங்களோடு ஆடிய விஸ்வநாதன் ஆனந்த், ஜெரோதாவின் நிகில் காமத்திடம் தோற்றார். ஐந்து முறை உலக சாம்பியன்! ஆட்டத்தை அலசியவர்களும் கம்ப்யூட்டரும் உதவியதாக மறுநாள் காமத்தே ஒப்புக்கொண்டார். பலகையில் இருந்ததைத்தான் ஆடினேன், எல்லோரிடமும் அதையே எதிர்பார்த்தேன் என்று ஆனந்த் ட்வீட் போட்டார். அதோடு சரி.

அது சுலபமான கேஸ். நன்றாக ஆடத் தெரிந்தவர், சிக்கலான இடத்தில் மட்டும் எஞ்சினிடம் ரெண்டு மூவ் கேட்டால்? 'துல்லியம் 98 சதவீதம்' என்று ஸ்கிரீன்ஷாட் போட்டுத் திருடன் என்று கத்துகிறவர்களுக்கு ஆட்டத்தை வாசிக்கத் தெரியவில்லை என்பேன். ராணியை வெட்டினால் திருப்பி வெட்டத்தான் வேண்டும், அதற்கு யாருக்கும் முழு மார்க்தான். பஃபலோ பல்கலைக்கழகத்தின் கென் ரீகன், அந்த ரேட்டிங்கில் இருப்பவர் அந்த நிலையில் என்ன ஆடக்கூடும் என்று ஒவ்வொரு மூவையும் எடைபோடுகிறார். அதற்கு நிறைய ஆட்டங்கள் வேண்டும்.

நான் முதலில் கடிகாரத்தைத்தான் படிப்பேன். சாதாரணமாகத் திருப்பி வெட்டவும் எட்டு விநாடி, யானையைப் பலி கொடுக்கவும் எட்டு விநாடி என்றால் அங்கே காற்றே அடிக்கவில்லை. மனுஷன் என்றால் ஓரிடத்தில் திணறணும், இன்னோரிடத்தில் யோசிக்காமல் பாயணும். ஆனால் இதுவும் முழு சாட்சி இல்லை. திணறுவது போல நேரத்தைக் கலைத்துப்போட நாலு வரி கோடு போதும். அதை எழுத எனக்குப் பத்து நிமிஷம் ஆகாது.

சரி, கணக்கையே நம்புவோம். ஒரு சோதனை, நேர்மையான பத்தாயிரம் ஆட்டத்தில் ஒன்றை மட்டும் தப்பாகப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க அருமையாக இருக்கிறது. பத்து லட்சம் நேர்மையான ஆட்டங்களில் ஓட்டினால் நூறு அப்பாவிகள் மாட்டுவார்கள். மாட்டுவதும் பெரும்பாலும் அவர்கள் ஆயுசிலேயே சிறப்பாக ஆடிய ஆட்டமாகத்தான் இருக்கும்.