ஆவரசு: வேரிலிருந்து பூவுக்கு

ஆவரசு என்றும் ஆவாரை என்றும் வழங்கும் குறுஞ்செடி இலங்கையின் உலர்வலயத்துக்கும் தென்னிந்தியாவுக்கும் உரியது. திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த மாவட்டத்தில் மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் பெய்து தீர்ந்துவிடும். வைகாசிக்குப் பின் கச்சான் காற்று மண்ணை உலர்த்தும். இந்த ஒழுங்குக்கு இசைய விதையும் வேரும் அமைந்திருப்பதே இச்செடியின் முதல் அழகு. மஞ்சள் பூ அதற்குப் பிறகுதான்.

நெற்று தட்டையானது, காகிதம்போல் மெல்லியது. பழுப்பேறிச் சலசலக்கும்போது பறித்து, வண்டு துளைத்த விதைகளை ஒதுக்க வேண்டும். நல்ல விதையின் உறை நீரை எளிதில் உள்ளே விடாது. ஒரு தூறலை நம்பி முளைத்து மறுநாள் வெயிலில் கருகாமல் காக்கும் ஏற்பாடு அது. கொதித்து இறக்கிய நீரில் ஓர் இரவு ஊறினால் பல விதைகள் பருக்கும். பருக்காதவற்றை, முளைக்கண் இல்லாத பக்கத்தில் நகவெட்டியால் சிறிது கிள்ளி மீண்டும் ஊறவைக்கலாம். ஆனால் எல்லா விதைகளையும் இப்படி அவசரப்படுத்தக் கூடாது. ஒரு பங்கை உறை கெடாமலே ஊன்றுவது தேர்ந்த கையின் அடையாளம்: முதல் மழை ஏமாற்றினாலும் அவை அடுத்த மழைக்குக் காத்துக் கிடக்கும்.

விதைக்க ஐப்பசி உகந்தது. ஆணிவேர் விரைந்து இறங்குவதால் தவாரணையில் வளர்த்துப் பிடுங்கி நடுவதைவிட, நிலைக்கும் இடத்திலேயே சுமார் 1 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஊன்றுவது மேல். பையில் வளர்த்தால் உயரமான பை வேண்டும். வேர் அடியில் சுருளுமுன் நட்டுவிட வேண்டும். திருகோணமலையின் நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணலும் போதும். நீர் தேங்கும் களி ஆகாது. முதல் மாதங்களில் மண்ணுக்கு மேலே காண அதிகம் இராது. அப்போது பொறுமையிழந்து நாள்தோறும் நீர் ஊற்றினால் வேர் மேலாகவே நின்று, கச்சானில் கன்று வாடும்.

வெளிர்நிற வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் இலையைத் தின்னும். மருந்து தேவையில்லை; செடி மீண்டும் தளிர்க்கும்.

இரண்டாம் ஆண்டிலேயே பூப்பதுண்டு. ஐந்து இதழ்கள், பத்துக் கேசரங்கள். அவற்றில் மூன்று மலடு. பூவில் தேன் கிடையாது. மகரந்தம், நுனியில் மட்டும் துளையுள்ள பைக்குள் அடைபட்டிருக்கும். கரிய தச்சுத்தேனீ பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்து அதை உதிர்க்கும். பறக்கும்போது ஒரு சுருதி, பூவில் அமர்ந்து அதிரும்போது வேறொரு சுருதி. ஆவரசு வளர்ப்போர் கேட்டே ஆகவேண்டிய ஓசை இது.

ரணவரா என்று சிங்களத்தில் சொல்லப்படும் இதன் உலர்ந்த பூ, இலங்கையில் தேநீர்போல் குடிக்கப்படுகிறது. அதற்காகப் பறிப்போர் சில கொத்துகளை நெற்றுக்கு விட்டுவைக்க வேண்டும். பூத்து ஓய்ந்த கிளைகளை மாரிக்கு முன் வெட்டிவிட்டால் புதுத்தளிர் அடர்ந்து வரும்.