திரைவழி வரும் விருந்தாசிரியர்

2023ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் தேதி புளோரிடாவிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ ஆறு மாத காலம் சர்வதேச விண்வெளி நிலையத்தில் தங்கி, செப்டம்பர் 4ஆம் தேதி பூமிக்குத் திரும்பிய சுல்தான் அல் நெயாடி, அரபு தேசத்தவர் எவரும் அதுவரை செய்திராத விண்வெளி நடையைச் செய்தவர் என்ற வகையில் சரித்திரத்தில் இடம்பெற்றுவிட்டார். அவர் செய்த மற்றொரு காரியத்தைப் பற்றியே இங்கு நான் பேச விரும்புகிறேன். முகம்மது பின் ராஷித் விண்வெளி மையம் ‘விண்வெளியிலிருந்து ஓர் அழைப்பு’ என்ற பெயரில் ஐக்கிய அரபு எமிரேட்டுகளின் பல ஊர்களில் கூட்டிய சபைகளில், பூமிக்கு நானூறு கிலோமீட்டர் உயரத்தில் மிதந்துகொண்டிருந்த அந்த மனிதரைத் திரையில் கண்டு, நேருக்கு நேர் கேள்வி கேட்டு விடை பெறும் பாக்கியம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிட்டியது. ஒரு நிபுணரை வகுப்பறைக்குள் நேரலையாக வரவழைக்கும் வழக்கத்தின் சிகரம் என்று இதைச் சொல்லலாம். ஆகையால் அந்த வழக்கத்தின் குணதோஷங்களை ஆராய்வதற்கும் இதையே தொடக்கமாகக் கொள்வது பொருந்தும்.

இதற்கும் முந்திய, இதனினும் எளிய ஒரு முறை உண்டு. 2000ஆம் ஆண்டு முதல், விண்வெளி நிலையத்தில் இருப்போர் ஹாம் வானொலி மூலம் உலகெங்குமுள்ள பள்ளிகளுடன் பேசி வருகின்றனர். நிலையம் மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் விரைவதால், ஓர் ஊரின் அடிவானத்துக்கு மேலே அது தங்கும் நேரம் சுமார் பத்து நிமிஷமே. படம் கிடையாது; இரைச்சலினூடே ஒரு குரல் மட்டும் வரும். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்துக்காகப் பள்ளி முன்கூட்டியே பாடத் திட்டம் வகுத்துக் கொடுத்தாக வேண்டும். ஆளுக்கு ஒரு கேள்விதான் என்பதால், பிள்ளைகள் எழுதி, அடித்து, திருத்தி, நூலில் விடை கிடைக்கும் கேள்விகளை விலக்கி, மிச்சமானதைத் தெளிவாக உச்சரித்து, முடிவில் ‘ஓவர்’ என்று சொல்லவும் பழகிக்கொள்கிறார்கள். கல்விப் பிரயோஜனம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், தெளிந்த படமும் தாராளமான நேரமும் உள்ள திரைக் கூட்டத்தைவிட இந்த ஏழை முறையே உயர்ந்தது என்பது என் துணிபு. சாதனம் அருமையாக இருந்தபோது ஆயத்தம் பெருகியது. சாதனம் சுலபமானவுடன் ஆயத்தமே அநாவசியமாகத் தோன்றிவிட்டது. நேரலைப் பாடங்களின் குறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேரிலிருந்தே கிளைக்கின்றன.

வளைகுடாவில் அந்தச் சௌலபியம் வந்த விதமும் விசித்திரமானது. இணையவழிக் குரல் அழைப்புகளுக்கு நெடுங்காலமாகக் கட்டுப்பாடு இருந்துவந்த எமிரேட்டுகளில், 2020 மார்ச்சில் பெருந்தொற்று காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஜூம், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் முதலிய செயலிகளுக்குத் தொலைதூரக் கல்வியின் பொருட்டு அனுமதி கிடைத்தது. நிர்ப்பந்தத்தால் கற்ற வித்தை, பள்ளிகள் திறந்த பின்பும் பழக்கமாக நிலைத்துவிட்டது. அதுவரை ஒரு விஞ்ஞானியையோ எழுத்தாளரையோ அழைக்க வேண்டுமானால் விமானச் சீட்டும் விசாவும் ஹோட்டல் அறையும் வேண்டியிருக்க, இப்போது ஒரு மின்னஞ்சலும் ஓர் இணைப்பும் போதுமென்றாயிற்று. 1961இல் தோன்றிய துபாய் இந்தியன் ஹைஸ்கூல், 1950இல் தோன்றிய பஹ்ரைன் இந்தியப் பள்ளி போன்ற பழைய ஸ்தாபனங்கள் முதல் நேற்று திறந்த பள்ளி வரை, சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தைப் போதிக்கும் பள்ளிகள் நிறைந்த இப்பிரதேசத்துக்கு இதில் ஒரு தனிச் சௌகரியமும் உண்டு: துபாயில் காலை பத்து மணி என்றால் சென்னையில் பதினொன்றரை, அழைப்பவருக்கும் வருபவருக்கும் அது வேலை நேரமே. அதே வேளையில் நியூயார்க்கில் நள்ளிரவு கடந்து ஒன்றோ இரண்டோ மணி. அமெரிக்கப் பேராசிரியரைத் தேடுவோர் அவருடைய தூக்கத்தையும் சேர்த்தே கேட்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். வெள்ளியும் சனியும் விடுமுறையாக உள்ள குவைத், கத்தார், ஓமான் முதலிய நாடுகளிலோ, ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி வைத்தால் மேல்நாட்டு விருந்தினரின் ஓய்வுநாளும் போய்விடும்.

இம்முறையின் மெய்யான பலம் எங்கே இருக்கிறது? விருந்தினரின் புகழிலோ பட்டத்திலோ அதை நான் காணவில்லை. அவர் நிற்கும் இடத்தில்தான் காண்கிறேன். அல் நெயாடி சொன்னவற்றுள் பலவற்றை ஒரு நல்ல பௌதிக ஆசிரியர் கரும்பலகையில் விளக்கிவிட முடியும்; ஆனால் அவர் கைவிட்ட பொருள் கீழே விழாமல் மிதந்ததைக் கரும்பலகை காட்டாது. வகுப்பு முழுவதும் எழுந்து போக முடியாத ஓர் இடத்தில் நிபுணர் நிற்கும்போது, திரை தனக்குரிய வேலையைச் செய்கிறது. ஷார்ஜாவில் பிறந்து, வைகையை விடுமுறையில் ஒரு முறை பாலத்தின்மேல் கடந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு, கீழடி அகழாய்வுக் குழிக்குள் இறங்கி நின்று, மண்ணின் அடுக்குகளை விரலால் தொட்டுக் காட்டி, “இதற்குக் கீழே போகப் போகக் காலம் முந்தியது” என்று சொல்லும் ஆய்வாளர் ஒருவர் கிடைப்பாரானால், அந்த அரைமணி நேரம் வேறெதனாலும் ஈடுசெய்ய முடியாதது. அதே ஆய்வாளர் தம் வீட்டுப் புத்தக அலமாரியின் முன்னே உட்கார்ந்து நாற்பது படவில்லைகளை ஒன்றன்பின் ஒன்றாக நகர்த்துவாரானால், பதிவு செய்த பிரசங்கத்துக்கும் அதற்கும் வித்தியாசமில்லை; பதிவையாவது நிறுத்தி மறுபடி கேட்கலாம்.

மஸ்கட்டில் இந்தக் கணக்கு மாறும். பூமியின் ஆழத்துப் பாறைகள் மேலே தூக்கி எறியப்பட்டு வெளிச்சத்தில் கிடக்கும் சமாயில் பாறைத்தொகுதி, உலகத்துப் புவியியலாரெல்லாம் வந்து பார்க்கும் அபூர்வம். அதைப் பற்றி விளக்க ஐரோப்பாவிலிருந்து ஒருவரைத் திரைக்கு அழைப்பது, ஜனவரி மாதத்தில், சோம்பல் என்றே சொல்வேன். பஸ் ஏறிப் போய்விடலாம். ஜூன் மாத வெயிலில் அதே அழைப்பு நியாயமாகிவிடும்.

குறைகளுக்கு வருவோம். கேள்வி நேரம் என்று பெயர் பெற்றதே பெரும்பாலும் ஒத்திகை பார்த்த நாடகமாக முடிகிறது. நன்றாக ஆங்கிலம் பேசும் ஐந்தாறு மாணாக்கர் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஆசிரியர் திருத்திய வாக்கியங்களை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். மற்ற முப்பது பேர் அசையாமல் உட்கார்ந்திருப்பதே அன்றைய ஒழுக்கம். ஹாம் வானொலிக் கேள்வியும் எழுதி வைத்ததுதானே என்று ஆட்சேபம் எழலாம். அங்கே கேள்வியை எழுதியவன் மாணாக்கன், இங்கே எழுதுபவர் மேற்பார்வையாளர். விருந்தாளி வரும் நாளில் மட்டும் கூடத்தைப் பெருக்கி வைக்கும் வீட்டைப்போல, கல்வி ஆய்வாளர் வரவையும் அடுத்த ஆண்டுச் சேர்க்கை விளம்பரத்தையும் மனத்தில் வைத்தே சில பள்ளிகள் இந்நிகழ்ச்சிகளை நடத்துகின்றன என்ற சந்தேகம் எனக்குண்டு. கட்டணப் பள்ளிகள் ஒன்றோடொன்று போட்டியிடும் ஊரில் அது இயல்புதான். ஆனால் புகைப்படம் எடுத்த கணத்திலேயே பாடம் முடிந்துவிடுகிறது.

பாஷையும் ஓர் இடர். விருந்தினரின் ஆங்கில உச்சரிப்பு மலையாளியும் தமிழனும் எகிப்தியனும் பிலிப்பினோவும் ஒருங்கே அமர்ந்த வகுப்புக்கு எட்டாமற்போவது ஒருபுறம். தமிழ் வகுப்புக்கு வரும் எழுத்தாளரின் மேடைத்தமிழ், இந்தியும் மலையாளமும் ஆங்கிலமும் கலந்த வீட்டுத் தமிழ் பேசும் பிள்ளைக்கு அந்நியமாய் ஒலிப்பது மறுபுறம். எதிரே உள்ளவர் முகம் தெரிந்தால் பேசுபவர் தம் நடையை இறக்கிக்கொள்வார்; ஒரே கேமரா வகுப்பின் மூலையிலிருந்து தலைகளை மட்டும் காட்டும்போது, யாருக்குப் புரிந்தது, யார் விழிக்கிறார்கள் என்பதை அவர் எவ்வாறு அறிவார்? பிள்ளைகளின் முகத்தை வெளியார் திரையில் காட்டவோ பதிவு செய்யவோ பெற்றோர் பலர் தயங்குவதும், அனுமதியின்றிப் பிறரைப் படமெடுப்பது எமிரேட்டுகளில் சட்டப்படி குற்றமாவதும் இந்த இடரை அதிகப்படுத்துகின்றன. அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்லேன்.

இவை யாவற்றையும்விடப் பெரிய சேதம் வகுப்பாசிரியருக்கு நேர்கிறது. 1964இல் அமெரிக்க சமோவாத் தீவுகளில், பயிற்சி குறைந்த உள்ளூர் ஆசிரியர்களுக்குப் பதிலாகத் தொலைக்காட்சி நிலையத்திலிருந்தே முக்கியப் பாடங்களை நடத்தும் பெருந்திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. திரையில் தோன்றியவர் போதிக்க, வகுப்பில் நின்றவர் துணையாளாகச் சுருங்கினார்; சுமார் பத்தாண்டுகளில் அத்திட்டமும் சுருங்கியது. அதற்கு மாறான ஒரு நோக்கு நம் நாட்டிலேயே இருந்தது. 1975-76இல் நாஸாவின் செயற்கைக்கோளைக் கொண்டு ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டுசென்ற சைட் பரிசோதனையின்போது விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் இயக்குநராயிருந்த யஷ்பால், பின்னாளில் தூர்தர்ஷனின் ‘டர்னிங் பாயின்ட்’ நிகழ்ச்சியில் நேயர் அனுப்பிய கேள்விகளுக்கு விடை சொல்லிப் பிரசித்தி பெற்றார். கேள்வி அனுப்புகிறவர் எதைக் கேட்கிறாரோ அங்கிருந்துதான் அவருடைய பாடம் தொடங்கியது. நேரலை வசதி கையிலிருந்தும் இன்றைய விருந்தினர் பலர் அதை எட்டவில்லை. தம்மிடம் உள்ளதிலிருந்தே தொடங்குகிறார்கள்.

ஆகவே விருந்தினரின் நாற்பது நிமிஷத்தைப் பயனுடையதாக்குவதும் வீணாக்குவதும் அதற்கு முந்திய பீரியடும் பிந்திய பீரியடும்தான். முந்தியதில் பிள்ளைகள் தமக்குத் தெரியாதது இன்னதென்று கண்டுகொள்ள வேண்டும். பிந்தியதில் விருந்தினர் சொன்னதில் எது ருசு, எது அபிப்பிராயம், எது அவருடைய ஸ்தாபனத்தின் விளம்பரம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பள்ளிக் கால அட்டவணையிலோ நடுப் பீரியடுக்கு மட்டுமே இடம் ஒதுக்கப்படுகிறது. மறுநாள் பரீட்சைப் பாடம் காத்திருக்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும். தூரத்து நிபுணரைத் தேடும் இப்பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் தாய்தந்தையர் யார்? அறுவைக்கூட நர்ஸ், துறைமுகத்துக் கிரேன் ஓட்டுநர், எண்ணெய்க் கிணற்றுப் பொறியாளர், விமானப் பராமரிப்பாளர், ஜெபல் அலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் ஷிப்ட் பார்ப்பவர். நகரம் உயிரோடிருப்பது இவர்கள் அறிவால். அழைப்புப் பட்டியலில் மட்டும் இவர்கள் பெயர் இல்லை. விடுப்பெடுத்துப் பள்ளிக்கு வர முடியாத இவர்களுக்காகவே திரை ஏற்பட்டது என்றுகூடச் சொல்லலாம். ஆலைக்குள் கேமரா கொண்டுபோகத் தடை இருக்கும், இருக்கட்டும். உபயோகித்துக் கழித்த சவ்வுக் குழாய் ஒன்றை அறுத்து, உணவுக்கூடத்து மேஜைமேல் வைத்து அவர் இருபது நிமிஷம் பேசினால் போதும். கடல்நீரிலும் குழாய் நீரிலும் உள்ள உப்பை முந்திய பீரியடில் தாமே அளந்து வைத்திருக்கும் வகுப்பு, பிரித்தெடுத்த உப்புச்சாறு எங்கே போகிறது, அதைத் திரும்பக் கடலிலேயே விட்டால் மீனுக்கு என்ன ஆகும் என்று கேட்கும். அதற்கு நிறுவனத்தின் அனுமதி பெற்ற விடை அவரிடம் இராமற்போகலாம்; அந்த இடத்தில் வகுப்பாசிரியை எழுந்து தம் பாடத்தைத் தொடங்க வேண்டியிருக்கும்.