காண்பது, அறிவது, அழிப்பது

உங்கள் வீட்டில் நாலாவதோ ஐந்தாவதோ படிக்கிற பிள்ளை இருந்தால், இன்று ராத்திரி அதன் அறிவியல் நோட்டைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, காண்பது, அறிவது என்று வரிசையாகத் தலைப்புகள் இருக்கும். ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டிருக்கும். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பிள்ளையைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ‘காண்பதுன்னு எழுதியிருக்கியே, எங்கேடா பார்த்தே?’ அநேகமாக வருகிற பதில்: ‘மிஸ் போர்டுல எழுதிப் போட்டாங்க!’

‘அதெல்லாம் அந்தக் காலம் சார், எங்க ஸ்கூல்ல எல்லாமே ஆக்டிவிட்டி’ என்று சிலர் சண்டைக்கு வருவீர்கள். தெரியும். 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை அனுபவவழிக் கற்றலைப் பற்றி நிறையப் பேசியதும் பேசியது, எல்லாப் பள்ளி விளம்பரத்திலும் வெள்ளைக் கோட்டு மாட்டிய குழந்தை ஒன்று கலர் தண்ணீரை உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. எனக்கு நோட்டில் மட்டும் நடக்கிற சோதனைகளைவிட, நிஜமாகவே நடக்கிற சோதனைகள் மேல்தான் அதிகப் புகார்.

மெழுகுவர்த்தி சோதனையை எடுத்துக்கொள்வோம். நீங்கள் படித்திருப்பீர்கள், உங்கள் அப்பாவும் படித்திருப்பார். தட்டில் தண்ணீர், நடுவில் மெழுகுவர்த்தி. கொளுத்திவிட்டு மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கிறோம். சுடர் அணைகிறது. டம்ளருக்குள் தண்ணீர் ஏறுகிறது. ‘அறிவது: காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அது எரிந்து தீர்ந்ததால் அந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறியது.’ பத்து மார்க்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். அறிவது தப்பு.

காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவிகிதம் என்பது சரிதான். ஆனால் இந்தச் சோதனை அதைக் காட்டவில்லை. டம்ளரைக் கவிழ்க்கும்போதே சுடரின் சூட்டில் உள்ளே இருக்கிற காற்று விரிந்து, கொஞ்சம் வெளியே போய்விடுகிறது. சில சமயம் விளிம்பில் குமிழி குமிழியாகப் போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சுடர் அணைந்ததும் உள்ளே மிச்சமிருக்கிற காற்று ஆறிச் சுருங்குகிறது. வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. அவ்வளவுதான். போதாக்குறைக்கு, ஆக்சிஜன் முழுக்கத் தீருவதற்கு ரொம்ப முன்னாலேயே மெழுகுவர்த்தி அணைந்துவிடும். செலவான ஆக்சிஜனும் காற்றில் கரைந்து காணாமல் போகவில்லை. கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் வேறு வேஷம் போட்டுக்கொண்டு அங்கேயேதான் பிறக்கிறது. அதில் நீராவி மட்டும் ஆறித் தண்ணீராகிவிடும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய விஞ்ஞானி வேண்டாம். ஒன்பது வயசுப் பெண் போதும். அவளைச் சும்மா பார்க்கவிட்டால், ‘மிஸ், மெழுகுவர்த்தி எரியறப்போ தண்ணி அவ்வளவா ஏறலையே, அணைஞ்ச அப்புறம்தானே சர்ருனு ஏறுது?’ என்று கேட்பாள். இன்னும் கொஞ்சம் குறும்புக்காரி என்றால், ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்தி வைப்பாள். அதே டம்ளர், அதே தண்ணீர், ஆனால் இந்தத் தடவை இன்னும் மேலே ஏறும். மெழுகுவர்த்தி மூன்றானதும் காற்றில் ஆக்சிஜன் கூடிவிட்டதா என்ன? பாடப் புத்தகம் அந்த இடத்தில் தடுமாறுகிறது. அறிவியல் ஆரம்பிப்பதும் அதே இடத்தில்தான்.

நம் வகுப்பறையில் அந்த நேரம் பார்த்து என்ன நடக்கும்? ‘ஒண்ணுதானே வைக்கச் சொன்னேன்? போய் உட்கார்.’

நான் படித்தது பி.காம். எங்கள் பாடத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால், வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒரு தலைப்பில் போட்டு வைப்போம். அது என்னவென்று தெரியாது, ஆனால் ஏதோ இருக்கிறது, பின்னால் தேடிப் பிடிக்க வேண்டும் என்பதற்கான அடையாளம். வரவு செலவு எழுதுகிறவனுக்குக் கிடைத்த இந்தச் சலுகை அறிவியல் படிக்கிற குழந்தைக்குக் கிடையாது. அவள் கண்ட வித்தியாசத்தை வைக்க நோட்டில் இடம் இல்லை. ரப்பர் கொண்டு அழிக்க வேண்டியதுதான். அழித்துவிட்டு போர்டில் இருப்பதை எழுத வேண்டும்.

விதை முளைக்கும் சோதனையிலும் இதே கதை. ஒரு குச்சியில் மேலே, நடுவே, அடியில் என மூன்று அவரை விதைகளைக் கட்டிப் பாதி தண்ணீர் ஊற்றிய டம்ளரில் வைப்பார்கள். நடுவிதை மட்டுமே முளைக்கும் என்பது சட்டம். தண்ணீருக்குள் முழுகிக் கிடக்கிற அடிவிதையும் சில சமயம் அப்பாவியாக முளை எட்டிப் பார்த்துவிடும், தண்ணீரிலும் கொஞ்சம் ஆக்சிஜன் கரைந்திருக்கிறதே. அந்த விதையைப் பார்த்த குழந்தை நோட்டில் என்ன எழுதும் என்று உங்களுக்கே தெரியும். தன் கண்ணைவிடப் புத்தகம் சரி என்று நம்பச் சின்ன வயசிலேயே பழக்கிவிடுகிறோம். செய்யவே விடாமல் மனப்பாடம் செய்ய வைத்திருந்தால்கூட இந்தப் பாவம் வந்திருக்காது. செய்ய வைத்து, பார்க்க வைத்து, பார்த்ததை மறுக்கவும் வைக்கிறோம்.

கண்காட்சி எரிமலையைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுதலாம். அப்பா ராத்திரி கண் விழித்துச் செய்த தெர்மோகோல் மலை. உள்ளே சமையல் சோடா, மேலே வினிகர், கொஞ்சம் சிவப்புச் சாயம். பொங்கி வழியும், எல்லோரும் கைதட்டுவார்கள். அமிலமும் சோடாவும் சேர்ந்தால் வாயு வரும் என்பது அருமையான பாடம். எரிமலைக்கும் அதற்கும் ஸ்நானப்ராப்திகூடக் கிடையாது.

விதிவிலக்கே இல்லையா என்றால், உண்டு. என்.சி.இ.ஆர்.டி.யின் பழைய ஐந்தாம் வகுப்புச் சூழலியல் புத்தகத்தில் தண்ணீர் பற்றி ஒரு பாடம் இருந்தது. 2005 கலைத்திட்டத்தை ஒட்டி வந்த வரிசை அது. 2025-ல் புதுப் புத்தகம் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பழையதில் பாடம் ஆரம்பிப்பது அடுப்படியில். அம்மா பூரி சுடுகிறாள், பெண் வேடிக்கை பார்க்கிறாள். எண்ணெயில் போட்டதும் அடியில் போகிற பூரி, உப்பினதும் மேலே வருகிறதே, ஏன்? இப்படிக் கிளம்பி, எது மிதக்கும் எது முழுகும் என்று குழந்தைகளையே போட்டுப் பார்க்கச் சொல்கிறது. பூரிக்குள் ஆவி உப்பி இடத்தை அடைத்துக்கொள்வதால், அதே எடையிலும் அது எண்ணெயைவிட லேசாகிவிடுகிறது என்ற விளக்கத்துக்கு ஆசிரியரோ குழந்தையோ தாங்களாக நடந்து வர வேண்டும். எழுதியவர்களுக்குக் குழந்தையின் மேல் மரியாதை இருந்தது. சரி, நம் மக்கள் சும்மா விடுவார்களா? அந்தப் புத்தகத்துக்கும் விடைகளோடு கைடு வந்தது.

கைடு எங்கிருந்து வருகிறது? பரீட்சையிலிருந்து. இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் மத்தியப் பிரதேசத்தில் இருந்தார்கள். ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இன்றைக்கு நர்மதாபுரம்) 1972-ல் 16 பள்ளிகளில் ஆரம்பித்தார்கள். நடுநிலை வகுப்புகள்தான், 6 முதல் 8 வரை. ஆனாலும் தொடக்கப்பள்ளி நடத்துகிறவர்கள் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய கதை. பால வைஞானிக் என்ற அவர்களின் புத்தகத்தில் சோதனைகளும் கேள்விகளும் இருக்கும், விடையைக் குழந்தை செய்து பார்த்துத்தான் எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் சவாலிராம் என்கிற கற்பனை ஆசாமிக்குக் கடிதம் போடலாம். பதில் வரும். எல்லாவற்றையும்விட முக்கியம், பரீட்சையையே மாற்றினார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம், கூடவே செய்முறைத் தேர்வு. அப்புறம் கைடு போட்டு யார் சம்பாதிக்க முடியும்? ஆசிரியர்களுக்கும் விடாமல் பயிற்சி கொடுத்து, ஒன்றுகூடிப் பேச இடம் கொடுத்தார்கள். ‘எனக்குத் தெரியலை, செஞ்சு பார்ப்போம்’ என்று சொல்ல ஓர் ஆசிரியருக்குத் தைரியம் வேண்டுமே, அது சர்க்குலரில் வராது. முப்பது வருஷம் ஓடிய திட்டத்தை 2002-ல் மாநில அரசு நிறுத்திவிட்டது. வழக்கமான பாடப் புத்தகம் திரும்பி வந்தது.

நம்ம ஊரில்? 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பார்த்துச் செயல்வழிக் கற்றலை 13 மாநகராட்சிப் பள்ளிகளில் கொண்டு வந்தார். 2007-08-ல் அது தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போனது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது, டீச்சரும் தரையில் உட்கார்ந்தார். குழந்தைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் கரும்பலகை. அதற்காகவே அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு. ஆனால் அறிவியலுக்கு வரும்போது என் குறை இது: ஏணி, படி, இந்த அட்டை முடிந்தால் அடுத்த அட்டை என்று வழி முழுக்க முன்கூட்டியே போட்டாகிவிட்டது. எழுத்துக்கும் கணக்குக்கும் அது சரிப்படும். மூன்று மெழுகுவர்த்தி வைக்கிற பெண்ணுக்கு ஏணியில் படி இல்லை. பின்னால் அந்த முறை சுருங்கி, 2022-ல் எண்ணும் எழுத்தும் வந்தது. பெயரே சொல்கிறது, கவலை எழுத்தையும் எண்ணையும் பற்றி. நியாயமான கவலைதான். அதே வருஷம் வானவில் மன்றம் என்று அறிவியல் சோதனைகளோடு ஆள் பள்ளிக்கே வரும் திட்டமும் ஆரம்பித்தது. நல்ல காரியம், ஆனால் 6 முதல் 8 வரைக்கும். கேள்வி கேட்டு உயிரை வாங்குகிற வயசு ஏழும் எட்டும். அதெல்லாம் அடங்கின பிறகு வந்து கதவைத் தட்டுகிறோம்.

சாமான் இல்லை, லேப் இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். சைக்கிள் வால்வ் டியூபையும் தீக்குச்சியையும் வைத்தே அர்விந்த் குப்தா எத்தனையோ பொம்மை செய்து காட்டியிருக்கிறார். அவரும் ஹோஷங்காபாத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர்தான்.

ஆகவே, அடுத்த பேரண்ட்ஸ் மீட்டிங்கில் மார்க்கைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, நோட்டைத் திறந்து மிஸ்ஸிடம் மரியாதையாகக் கேளுங்கள்: ‘இந்தக் காண்பதுல எல்லாப் பிள்ளைங்களும் ஒரே மாதிரி எழுதியிருக்காங்களே, வேற மாதிரி பார்த்த பிள்ளை யாருமே இல்லையா மேடம்?’ திட்டாதீர்கள். நாற்பது பிள்ளைகளையும் போர்ஷனையும் ஒரே பீரியடில் கட்டி மேய்க்கிறவர் அவர்.

அதுவரைக்கும், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செய்து பாருங்கள். கொஞ்சம் குழிவான தட்டு, கண்ணாடி டம்ளர், சின்ன மெழுகுவர்த்தி மூன்று. நெருப்பு விஷயம், பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கட்டும். முதலில் ஒன்று, அப்புறம் மூன்று. ஒவ்வொரு தடவையும் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று டம்ளரில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போடச் சொல்லுங்கள். விடையை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.