கழன்றும் கீழே விழாத ஸ்க்ரூ

லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டுத் திறக்கப் பலருக்கும் கை வராது. எனக்கும் வராமல்தான் இருந்தது, என் திங்க்பேட் டி480-க்கு வீட்டிலேயே பேட்டரி மாற்றும்வரை. 2018-இல் வந்த மாடல். அன்றிலிருந்து அதன் அடிமூடியில் இருக்கும் ஆறு ஸ்க்ரூக்கள்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போதும். திருகத் திருக ஸ்க்ரூ மெல்ல மேலே எழும்பும். மரை முழுவதும் விட்ட பிறகும் கையோடு வராது. மூடியிலேயே தொற்றிக்கொண்டு லேசாக ஆடும். அதைப் பிடித்து வைத்திருப்பது கழுத்திலுள்ள மெல்லிய வளையம். மிக்ஸியைப் பிரித்து உட்கார்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். உருண்டோடிய ஸ்க்ரூவை டார்ச் அடித்துக் கட்டிலுக்கு அடியில் தேட வேண்டாம். எது எந்தத் துளைக்கு என்ற குழப்பமும் இல்லை. நாளைக்கு யாரோ ஒருவர் தன் வீட்டு மேசையில் வைத்து இதைத் திறப்பார் என்று நினைத்துப் பார்த்தவர் கைவேலை அது.

இதில் பேட்டரி இரண்டு. பின்பக்கம் கழற்றி மாட்டுவது ஒன்று, மூடிக்குள் இருப்பது இன்னொன்று. வெளியே இருப்பதைக் கழற்றி வேறொன்று மாட்டும்வரை உள்ளே இருப்பது பாரத்தைத் தாங்கும். அடித்துக்கொண்டிருந்த வரிகூட அழியாது.

இன்னொரு நயம் மூடியைத் திறப்பதற்கு முன்பே வருகிறது. லேப்டாப்பை அணைத்தாலும் உள் பேட்டரியிலிருந்து போர்டுக்கு மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனை தவறிப் பட்டால் போர்டே போய்விடலாம். அதற்காக பயாஸில் உள் பேட்டரியை முடக்க ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். சார்ஜரை உருவிவிட்டு அதைத் தேர்ந்தால் கணினி அணையும். பிறகு வெளி பேட்டரியையும் கழற்றிவிட்டால், பவர் பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் அசையாது. வேலை முடிந்து மூடியைப் பூட்டி, சார்ஜரைச் செருகியதும் முடக்கம் தானாகவே நீங்கிவிடும்.

ஸ்க்ரூக்கள் தளர்ந்ததும் பழைய ஏ.டி.எம். கார்டை மூடியின் விளிம்பில் விட்டு நகர்த்தினேன். ஒவ்வொரு கொக்கியாக ‘டக், டக்’ என்று விட்டது. உள்ளே பேட்டரி லேபிளில் 11.4 வோல்ட், 24 வாட்-மணி என்றிருந்தது. தொடராக மூன்று செல், ஒவ்வொன்றும் 3.8 வோல்ட். பெருக்கிப் பார்த்தேன், கணக்கு இம்மி பிசகவில்லை. புதிது வாங்கும்போது இந்த எண்களோடு பாகத்தின் எண்ணையும் ஒத்துப் பார்த்துதான் வாங்கினேன்.

எந்தப் பாகத்தை எந்த வரிசையில் கழற்றுவது என்று படம் போட்ட பராமரிப்புக் கையேட்டை லெனோவோ எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறது. இன்று வரும் மெல்லிய லேப்டாப்கள் சிலவற்றில் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். அதை நெம்பி எடுக்க வேண்டும்; நெம்பும்போது செல் மடங்கினால் தீப்பிடிக்கலாம். அழகு என்ற பேரில் இப்படி ஒட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆறு ஸ்க்ரூ தெரிவதில் என்ன அழகு குறைந்துவிட்டது?

பழைய பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். உப்பாவிட்டாலும் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்குமிடத்தில் சேர்த்துவிடுங்கள்.